கையில் காசில்லாமல் காணி வாங்கலாமா?

கண்டியிலிருந்து பேராதனைக்கு வந்து, பல்கலைக்கழக வளவினூடாகச் செல்லும் கலஹா வீதியில் திரும்பினால், ஹிந்தகலையைத் தாண்டியதும் பஸ் வண்டி மலையேறத் தொடங்குகின்றது. வழியில் மிளகும் கராம்பும் நிறைந்த வீட்டுத் தோட்டங்கள்; மேலே போகப் போகத் தேயிலை. கலஹாவையும் தெல்தோட்டையையும் கடந்து சென்றால், 1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 19 ஏக்கரில் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்ட லூல்கந்துரவை அடையலாம். இலங்கைத் தேயிலையின் வரலாறு இந்த மலைகளிலேயே ஆரம்பமாயிற்று.

அந்த வரலாற்றைத் தம் முதுகில் சுமந்தவர்களுக்கோ, இம்மண்ணில் ஒரு பேர்ச்சஸ் நிலமும் நெடுங்காலமாகச் சொந்தமாக இருந்ததில்லை. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் வைத்திருக்கக்கூடிய காணிக்கு 50 ஏக்கர் என உச்சவரம்பு விதித்தது. 1975 இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. 1992 இல் பல தோட்டங்களின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. துரைமார் மாறினார்கள், லயம் மாறவில்லை. 1977 மே 11 ஆம் திகதி, தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்த போராட்டத்தில், டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானதை மலையக மக்கள் இன்றும் மறக்கவில்லை. காணி என்றால் நமக்கு வெறும் மண் அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமோ?

இத்தகைய ஊரில், வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி, சேமலாப நிதியையும் கொழும்புக் கடையில் உழைத்த பிள்ளையின் சம்பளத்தையும் ஒன்றுசேர்த்து, பத்துப் பன்னிரண்டு பேர்ச்சஸ் காணி வாங்கியிருக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களுடைய காணியைப் பற்றியும், அதைத் தேடி வரும் கெட்டிக்கார இளைஞர்களைப் பற்றியும் இன்று சிறிது சிந்திப்போம். அந்த இளைஞர்களும் நம்முடைய பிள்ளைகளே. ஞாயிற்றுக்கிழமை பூசையில் நமக்கு அருகில் முழந்தாளிடுகிறவர்களே.

புதிய முறை

அமெரிக்காவில் ‘ஹோல்சேல்’ காணி வியாபாரம் என்று ஒன்று உண்டு. பெயரைக் கேட்டதும் பெரும் மூலதனம் வேண்டும் என நினைத்துவிட வேண்டாம். மூலதனம் இல்லாதவர்களுக்கென்றே ஏற்பட்ட முறை இது. அதன் படிகள் மிக எளியவை. அவசரமாகப் பணம் தேவைப்படும் காணிச் சொந்தக்காரர் ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். குறைந்த விலை ஒன்றைப் பேசி, சிறிய முற்பணம் கொடுத்து, இத்தனை மாதத்துக்குள் வாங்குவதாக உடன்படிக்கை எழுத வேண்டும். அந்தத் தவணைக்குள் கூடிய விலைக்கு வாங்கக்கூடிய வேறொருவரைக் கண்டுபிடித்து, உறுதியை நேராக அவர் பெயருக்கு எழுதுவித்து, இடையிலுள்ள வித்தியாசத்தைத் தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இப்படி நாலைந்து பேரங்களில் சேரும் பணத்தைக் கொண்டு பின்னர் தனக்கென ஒரு காணியோ வீடோ வாங்கி, வாடகை வருமானத்துக்கு வழி செய்துகொள்ளலாம். இதுதான் அந்த முறையின் முழுத் திட்டம்.

பெயர் புதிது, செயல் நமக்குப் பழையதே. காணித் தரகர்கள் சிலர் “மேல்மிச்சம் எனக்கு” என்று பேசிக்கொள்வதை நாம் கேட்டிருக்கிறோம்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்காக நாம் அமைத்துக்கொள்ளும் கணக்கே. கலஹா கடைவீதிக்கு அண்மையில் ஒரு முதியவருக்கு 12 பேர்ச்சஸ் காணி இருக்கின்றது. மனைவிக்குச் சத்திரசிகிச்சை, பணம் உடனே வேண்டும். அவர் அறிந்த விலை, பல வருடங்களுக்கு முன் தாம் வாங்கிய விலையும், எப்போதோ அயலவர் சொன்ன விலையுமே. இளைஞன் ஒருவன் வந்து, “ஐயா, பேர்ச்சஸ் ஒன்றுக்கு ஒன்றரை இலட்சம் தருகிறேன்” என்கிறான். மொத்தம் 18 இலட்சம் ரூபா. முதியவர் கைகூப்புகிறார். 50,000 ரூபா முற்பணம். மூன்று மாதத் தவணை. இரண்டே மாதத்தில், பேர்ச்சஸ் மூன்றேகால் இலட்சத்துக்கு வாங்க ஒருவர் கிடைக்கிறார். மொத்தம் 39 இலட்சம். முதியவருக்கு 18 இலட்சம். இளைஞனுக்கு 21 இலட்சம்.

இதில் களவு உண்டா? பூட்டை உடைத்தானா? போலி உறுதி எழுதினானா? இல்லை. முதியவர் தம் விருப்பத்தோடு கையொப்பமிட்டார். கேட்ட பணத்தைப் பெற்றார். அப்படியானால் குற்றம் எங்கே இருக்கின்றது? அல்லது குற்றமே இல்லையா? நம்முடைய கேள்வி இதுதான்.

தரகு பாவமல்ல

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். காணித் தரகு பாவத் தொழில் அல்ல. விற்க வேண்டியவரையும் வாங்க வேண்டியவரையும் ஒன்றுசேர்ப்பது உண்மையான சேவை. உறுதிகளைத் தேடுவதும், காணிப் பதிவகத்தில் ஏட்டைப் பார்ப்பதும், சர்வேயரை அழைத்து வருவதும், வெயிலிலும் மழையிலும் ஆட்களைக் கூட்டிச் சென்று காணியைக் காட்டுவதும் உழைப்பே. உழைப்புக்கு ஊதியம் உண்டு.

13 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருச்சபையின் மறைவல்லுநர் புனித தோமஸ் அக்குவினாஸ், வியாபார இலாபத்தைப் பற்றித் தம் பெரு நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இலாபம் தன்னளவில் நன்மையுமல்ல, தீமையுமல்ல. குடும்பத்தைப் பராமரிக்கவும் ஏழைகளுக்கு உதவவும் உழைப்பின் கூலியாக அதைத் தேடுகிறவர் நேர்மையாகவே தேடுகிறார் என்பது அவருடைய முடிபு. வியாபாரியாகவே வாழ்ந்து 1197 இல் மரித்த கிரேமோனா நகரத்து ஹோமோபோனுஸ் என்பவரை, இரண்டே ஆண்டுகளில், 1199 இல், பாப்பரசர் மூன்றாம் இன்னொசென்ட் புனிதராக உயர்த்தினார். கடை நடத்தியும் மோட்சம் போகலாம் என்பதை நம் திருச்சபை நெடுங்காலமாகவே அறிந்திருக்கின்றது.

ஆகவே, தோட்டத்தை விட்டு வெளியேறித் தன் காலில் நிற்க விரும்பும் இளைஞனை நாம் பழிக்கவில்லை. அவன் காணி வாங்க விரும்புவதும் நல்ல ஆசையே. கேள்வி, அந்த 21 இலட்சம் எதற்குரிய கூலி என்பதுதான்.

ஒரு தரகர் வெளிப்படையாக நூற்றுக்கு 3 வீதம் பேசியிருந்தால், 39 இலட்சத்துக்கு அவருக்கு 1,17,000 ரூபா கிடைத்திருக்கும். அதே நடை, அதே தேடல், அதே இரண்டு மாதம். அப்படியிருக்க, மிகுதியான ஏறத்தாழ 20 இலட்சம் எந்த உழைப்புக்கு வந்தது? நேர்மையாகப் பதில் சொன்னால், அது முதியவருக்குத் தெரியாத ஒன்று இளைஞனுக்குத் தெரிந்திருந்ததற்காக வந்தது. அதாவது, அது உழைப்பின் கூலி அல்ல. அடுத்தவருடைய அறியாமையின் விலை.

சட்டம் எங்கே நிற்கின்றது?

“சட்டம் தடுக்கவில்லையே!” என்று சிலர் சொல்லக்கூடும். சட்டத்தையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

இலங்கையில் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை மட்டுமல்ல, காணியை விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும், நொத்தாரிசு ஒருவருக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் எழுத்தில் ஒப்பமிடப்பட வேண்டும். வெறுங்கடதாசியில் எழுதிக் கொடுக்கும் முற்பணச் சீட்டுக்கு அந்த வலிமை இல்லை. அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணிகளோ 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டவை. அவற்றை உரிய அனுமதி இல்லாமல் கைமாற்றவே முடியாது. இதை அறிந்துகொண்டே அத்தகைய காணிக்குப் பேரம் பேசுகிறவன் இரண்டு பக்கத்தையும் ஏமாற்றுகிறான்.

இன்னொன்றும் உண்டு. கி.பி. 285 இல் உரோமைச் சக்கரவர்த்தி தியோக்கிளேசியன் பெயரில் வெளிவந்த ஒரு கட்டளை, நியாய விலையில் பாதிக்கும் குறைவாகக் காணியை விற்றுவிட்டவருக்குப் பரிகாரம் அளித்தது. அந்தக் கோட்பாடு உரோமன்-டச்சுச் சட்டத்தின் வழியாக நம் நாட்டுக்கும் வந்திருக்கின்றது. உண்மைப் பெறுமதியில் பாதியும் கிடைக்காமல் விற்றவர், அப்பெறுமதியை அறியாமலே விற்றிருந்தால், விற்பனையை இரத்துச் செய்யும்படி நீதிமன்றத்தை நாடலாம். அறிந்தே விற்றவருக்கு அந்த உரிமை இல்லை. பாருங்கள், பழைய சட்டமும் ‘அறிந்திருந்தாரா?’ என்றே கேட்கின்றது.

நாம் சொன்ன கணக்கில், 39 இலட்சத்தின் பாதி பத்தொன்பதரை இலட்சம். முதியவருக்குக் கிடைத்தது 18. ஆகவே அது சட்டத்தின் கோட்டுக்குக் கீழேயே விழுகின்றது. கெட்டிக்காரன் ஒருவன் இதைப் படித்துவிட்டு, “சரி, இனிமேல் 20 இலட்சம் கொடுப்பேன்” என்றால் என்ன செய்வது? சட்டம் கைகட்டி நிற்கும். மனச்சாட்சியும் கைகட்டி நிற்குமா?

இதே கேள்விக்கு அக்குவினாஸ் பதில் சொல்லியிருக்கிறார். மனிதச் சட்டம் நல்லவர், தீயவர் எல்லோரையும் ஒன்றாக வைத்து ஆள வேண்டியிருப்பதால், அளவுகடந்த அநீதியை மட்டுமே தண்டிக்கின்றது. தெய்வச் சட்டமோ நீதிக்கு விரோதமான எதையும் தண்டியாமல் விடுவதில்லை என்கிறார் அவர். ஒருவன் தன்னிடமுள்ள பொன்னைப் பித்தளையென்று எண்ணி விற்கும்போது, அது பொன்னென்று தெரிந்தே வாங்குகிறவன் அநீதி செய்கிறான். மீள அளிக்கவும் கடமைப்பட்டிருக்கிறான் என்றும் அவர் எழுதியிருக்கிறார்.

இம்முறை பிறந்த அமெரிக்காவிலும் சட்டம் விழித்துக்கொண்டிருக்கின்றது. 2019 இல் இலினோய் மாநிலம், ஓராண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட இத்தகைய பேரங்கள் செய்பவர் தரகர் அனுமதிப்பத்திரம் பெற்றிருக்க வேண்டும் என்று விதித்தது. 2021 இல் ஒக்லஹோமா மாநிலம் இயற்றிய சட்டத்தின் பெயரிலேயே ‘வேட்டையாடுதல்’ என்ற பொருள் தரும் சொல் இருக்கின்றது.

மூன்று சாட்டுகள்

சாட்டுச் சொல்வதில் மனித மனம் வல்லது. மூன்றை மட்டும் எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது சாட்டு: “அக்குவினாஸே வியாபாரியை விட்டுக்கொடுத்திருக்கிறாரே!” உண்மைதான். பஞ்சம் நிலவும் ஊருக்குக் கோதுமை கொண்டு செல்லும் வியாபாரி, தனக்குப் பின்னால் வேறு வியாபாரிகளும் கோதுமையோடு வருகிறார்கள் என்பதை அவ்வூராருக்குச் சொல்ல வேண்டுமா என்ற கேள்வியை அவர் எடுத்துக்கொள்கிறார். நீதியின்படி சொல்லக் கட்டாயமில்லை. சொன்னால் அது மேலான புண்ணியம் என்று தீர்க்கிறார். ஆனால் அந்த வியாபாரி மறைத்தது என்ன? நாளைக்கு விலை இறங்கலாம் என்பதை மட்டுமே. இன்றைக்கு அந்த ஊரில் கோதுமைக்கு உள்ள விலை உண்மையான விலை. அதை எல்லோரும் அறிவார்கள். நம் இளைஞன் மறைப்பதோ இன்றைய விலையையே. இரண்டும் ஒன்றல்ல.

இரண்டாவது சாட்டு: “வயலில் புதையலைக் கண்டவன் அதை மறைத்துவிட்டு வயலை வாங்கவில்லையா? ஆண்டவரே அந்த உவமையைச் சொல்லியிருக்கிறாரே!” புனித மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் 13 ஆம் அதிகாரத்தில் வரும் உவமை இது. விண்ணரசுக்காக எதையும் இழக்கத் துணிய வேண்டும் என்பதே அதன் போதனை. காணி வாங்கும் முறையைக் கற்பிக்க அது சொல்லப்படவில்லை. அப்படியே காணிப் பேரமாக எடுத்துக்கொண்டாலும், அந்த மனிதன் என்ன செய்தான்? தனக்கு உள்ளதையெல்லாம் விற்றான். நம் இளைஞன் எதையும் விற்கவில்லை. ஐம்பதினாயிரத்தை மட்டும் வைத்து அடுத்தவருடைய வயலைக் கட்டிப்போட்டான்.

மூன்றாவது சாட்டு: “அவர் கேட்டதைத்தானே கொடுத்தேன்?” இதற்குப் பதிலாக இரண்டு மனிதர்களைக் காட்டுவோம். ஒருவர் கிறிஸ்தவர் அல்லாத உரோமையர். சிசரோ என்ற அறிஞர் தம் மகனுக்கென எழுதிய கடமைகளைப் பற்றிய நூலில் அவரைக் குறிப்பிடுகிறார். குவின்துஸ் ஸ்கேவொலா ஒரு பண்ணையை வாங்கப் போனார். முடிந்த விலையை ஒரே பேச்சில் சொல்லும்படி கேட்டார். விற்பவரும் சொன்னார். “இது அதைவிடக் கூடுதலான பெறுமதி உள்ளது” என்று சொல்லி, மேலும் ஓர் இலட்சம் செஸ்தேர்ஸ் நாணயத்தைச் சேர்த்துக் கொடுத்தாராம் ஸ்கேவொலா. நல்லவன் செய்யும் காரியம்தான், ஆனால் புத்திசாலி செய்வதல்ல என்று அக்காலத்திலும் சிலர் சொன்னார்களாம். இக்காலத்தில் நம் வீட்டிலும் அதைத்தானே சொல்வோம்!

மற்றவர், புனித அகுஸ்தீனார் தாம் அறிந்தவரெனக் குறிப்பிடும் ஒருவர். கையெழுத்துப் பிரதி ஒன்று விலைக்கு வந்தது. விற்பவன் அதன் அருமை தெரியாமல் மிகக் குறைவாகக் கேட்டான். வாங்கியவரோ, அவன் எதிர்பாராத விதமாக, அதற்குரிய நியாய விலையைக் கொடுத்தார். மலிவாக வாங்கி விலைக்கு விற்பது எல்லோருடைய ஆசையும் என்று உலகம் நினைக்கின்றது. அந்த ஆசையை வெல்லக்கூடியவர்களும் உண்டு என்று காட்டவே அகுஸ்தீனார் இதை எழுதினார்.

வாங்கும்போது “மோசம், மோசம்” என்று பொருளைப் பழித்துவிட்டு, அப்பாலே போய்த் தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்ளும் மனிதனைப் பழமொழி ஆகமத்தின் 20 ஆம் அதிகாரம் நமக்குக் காட்டுகின்றது. “ஐயா, உங்கள் காணி சரிவு; பாதை ஒடுக்கம்; தண்ணீர் இல்லை” என்று முதியவரிடம் சொல்லிவிட்டு, அடுத்த வாரம் வாங்க வருபவரிடம், “நல்ல காற்று, அழகான காட்சி” என்று சொல்லுகிற நாக்கு ஒன்றுதானே?

இந்தச் சரிவு விடயத்திலும் ஒரு வார்த்தை. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மழையில் மலைநாடு எங்கும் மண்சரிவுகள் ஏற்பட்டன; கண்டி மாவட்டம் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அதற்குப் பின்பும் ஆபத்தான நிலத்தை ஆபத்தில்லை என்று சொல்லி ஒருவர் தலையில் கட்டுகிறவன், விலையில் மட்டும் அல்ல, உயிரிலும் விளையாடுகிறான். விற்பவருக்குச் செய்யும் துரோகத்தைப் பற்றியே பேசிக்கொண்டு, வாங்குபவருக்குச் செய்யும் துரோகத்தை நாம் மறந்துவிடலாகாது.

வாக்கும் ஒரு கடன்

விலை ஒரு புறமிருக்க, இம்முறையில் இன்னொரு பொய்யும் மறைந்திருக்கின்றது. “நான் வாங்குகிறேன்” என்று இளைஞன் சொன்னான். வாங்குவதற்கு அவனிடம் பணமும் இல்லை, எண்ணமும் இல்லை. “வாங்க ஓர் ஆளைத் தேடிப் பார்க்கிறேன்” என்பதே உண்மை. ஆள் கிடைக்காவிட்டால்? தவணை முடிந்ததும் அவன் கையை உதறிவிட்டுப் போவான். முதியவரோ, காணி விற்றாயிற்று என்ற நம்பிக்கையில், வந்த வேறு ஆட்களையும் திருப்பி அனுப்பிவிட்டு, வைத்தியரிடம் நாளும் குறித்துவிட்டிருப்பார். இலாபம் வந்தால் இளைஞனுக்கு. நட்டம் வந்தால் முதியவருக்கு. உங்கள் பேச்சு ஆம் என்றால் ஆம் ஆகவும் இல்லை என்றால் இல்லை ஆகவும் இருக்கட்டும் என்று ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் போதித்தது, சத்தியக் கடதாசிக்கு மட்டுமல்ல, முற்பணச் சீட்டுக்கும் பொருந்தும்.

காணி என்பது கூலியின் மறுவடிவம்

இவை எல்லாவற்றிற்கும் அடியில் உள்ள ஒன்றை இனிச் சொல்ல வேண்டும்.

1891 இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளரின் நிலை பற்றி எழுதிய புகழ்பெற்ற நிருபத்தில், தனியுடைமையை ஆதரித்து ஒரு நியாயத்தைக் காட்டுகிறார். தொழிலாளி ஒருவன் சிக்கனமாக வாழ்ந்து, கூலியில் மிச்சம் பிடித்து, அதைக் கொண்டு ஒரு துண்டு நிலம் வாங்குவானாகில், அந்த நிலம் வேறு உருவத்தில் இருக்கும் அவனுடைய கூலியே என்பது அந்த நியாயம்.

இந்த ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு கலஹாவின் அந்த 12 பேர்ச்சஸைப் பாருங்கள். அது மண்ணும் கல்லும் அல்ல. பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்த காலைகள் அது. பனியில் கவ்வாத்து வெட்டிய கைகள் அது. கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் பதித்த தழும்பு அது. முப்பது வருடக் கூலி உருமாறி, வேலி போட்டு, அங்கே கிடக்கின்றது. அதன் பெறுமதி ஏறியிருந்தால், ஏறியது அவருடைய கூலி. அதில் பாதியை அவர் அறியாமல் எடுத்துக்கொள்வது, அறுவடை செய்தவர்களின் கூலியைப் பிடித்துவைத்த செல்வந்தரைப் பற்றிப் புனித யாகப்பர் தம் நிருபத்தில் இடித்துரைத்த பாவத்திலிருந்து எவ்வளவு தூரம்?

தோட்டத் துரைமார் நம் முன்னோரின் உழைப்பை மலிவாக வாங்கினார்கள் என்று நாம் குறைகூறுகிறோம். நியாயமான குறையே. அந்த உழைப்பிலிருந்து தப்பி வந்த ஒரு சிறு துண்டை, நம் பிள்ளையே நம் மொழியிலேயே பேசி, “ஐயா” என்று அழைத்து, மலிவாக வாங்கிக்கொண்டால் அதை எப்படிக் குறைகூறாமல் இருப்பது?

ஒரே மேசையில் இரண்டு விலைகள்

அப்படியானால் என்ன செய்யலாம்? ஓர் எளிய உரைகல் சொல்கிறோம். நொத்தாரிசின் மேசையில் விற்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே அமர்ந்திருக்க, நீ இருவருக்கும் சொன்ன இரண்டு விலைகளையும் உரத்துச் சொல்ல உன்னால் முடியுமா? முடியுமானால் உன் இலாபம் நேர்மையானது. பயமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோ. முடியாதென்றால், ஒருவரை முன் கதவாலும் மற்றவரைப் பின் கதவாலும் அனுப்ப வேண்டியிருந்தால், அந்தப் பணத்தைத் தொடாதே. ஆதி ஆகமத்தின் 23 ஆம் அதிகாரத்தில், சாராளை அடக்கம் செய்ய அபிரகாம் மக்பேலா நிலத்தை 400 சேக்கல் வெள்ளிக்கு வாங்கினார். எங்கே? நகர வாசலில், ஊரார் எல்லோருடைய காதும் கேட்க.

இளைஞனே, தொடங்குவதற்கு வழி இல்லாமலில்லை. தரகனாகத் தொடங்குவதில் வெட்கமில்லை, ஆனால் “நான் வாங்குபவன் அல்ல, தரகன், எனக்கு நூற்றுக்கு இவ்வளவு” என்று முதல் நாளே சொல்லிவிடு, எழுதியும் கொடு. நூற்றுவீதம் போதாதென்றால், “சுற்றுவட்டாரத்தில் இன்றைக்குப் போகும் விலை இது, இதற்கு மேல் வாங்கிக் கொடுத்தால் மேலதிகத்தில் எனக்கு ஒரு பங்கு” என்று கேள். விலையை அறிந்தபின் அவர் சம்மதித்தால் அது உண்மையான சம்மதம். கிடைத்த தரகைச் சீட்டிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ சேர்த்து வா. நாலு பேரத்தில் வரவேண்டியது நாற்பது பேரத்தில் வரும், அது உண்மை. ஆனால் நாற்பது வீட்டிலும் உனக்குத் தேத்தண்ணீர் கொடுப்பார்கள். பொய் சொல்லாத தரகன் என்ற பெயரே மலைநாட்டுச் சிற்றூரில் பெரும் மூலதனம்.

ஏற்கெனவே இப்படி இலாபம் எடுத்தவர்கள் இதை வாசித்துக்கொண்டிருந்தால், அவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாவசங்கீர்த்தனம் மட்டும் போதாது. அநியாயமாய் எடுத்ததை உரியவரிடம் திருப்பிக் கொடுப்பதும் மனஸ்தாபத்தின் பகுதி. சக்கேயு நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாக வாக்களித்தான். நான்கு மடங்கு முடியாவிட்டாலும், எடுத்ததில் நியாயமான பங்கையாவது அந்த முதியவர் உயிரோடிருக்கும்போதே கொண்டுபோய்க் கொடுங்கள்.

காணி விற்க வேண்டிய நிலையிலுள்ள பெற்றோரே, உங்களுக்கும் ஒன்று. அவசரம் எவ்வளவு பெரிதானாலும் ஒரு வாரம் பொறுங்கள். அயலில் அண்மையில் விற்ற மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள். முடிந்தால் மதிப்பீட்டாளர் ஒருவரிடம் பெறுமதியை எழுதி வாங்குங்கள். உங்களுக்குப் புரியும் மொழியில் உடன்படிக்கையை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளையை உடன் கூட்டிச் செல்லுங்கள். சந்தேகமிருந்தால், 1978 இல் சட்டப்படி அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். பங்கிலுள்ள புனித வின்சென்ட் தே போல் சபையினர், நோயாளியைச் சந்திக்கப் போவதுபோல், காணி விற்கப் போகும் விதவைக்கும் முதியவருக்கும் துணையாக ஒருமுறை நொத்தாரிசின் கந்தோருக்குப் போய்வந்தால், அதுவும் இரக்கச் செயல்களில் ஒன்றாகவே எண்ணப்படும்.

அன்பு வாசகர்களே, கையில் காசில்லாமல் காணி வாங்கலாமா என்று தலைப்பில் கேட்டோம். காசில்லாமல் தொடங்கலாம்; பலரும் அப்படித்தான் தொடங்கினார்கள். ஆனால் காசுக்குப் பதிலாக எதை வைத்துத் தொடங்குகிறோம் என்பதே கேள்வி. உழைப்பை வைத்துத் தொடங்கலாம். நல்ல பெயரை வைத்துத் தொடங்கலாம். அடுத்தவருடைய அறியாமையை வைத்துத் தொடங்கினால், நாளை நாம் கட்டப்போகும் வீட்டின் அத்திவாரத்தில் அவருடைய கூலி கிடக்கும். அந்த வீட்டின் சுவரில் திரு இருதய ஆண்டவரின் படத்தை மாட்டும்போது, நம் பிள்ளைகள் கேட்காவிட்டாலும், அவர் கேட்பார்.

இன்றிரவு செபமாலை முடிந்ததும், வளர்ந்த பிள்ளைகளை அருகில் இருத்தி, அந்த மேசையையும் அந்த இரண்டு விலைகளையும் பற்றிச் சற்றுப் பேசிப்பாருங்கள்.